ஹாக்லரா, மொன்சோனா? மாமாவோடு நண்டுக்கறிப் பந்தயம்

இடக்கைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் ஒரு பந்தயத்தில் மாட்டிக்கொண்டேன். தீர்ப்புச் சொல்ல ஆள் வேண்டும்.

போன ஞாயிறு பின்னேரம் திருகோணமலை டச்பே கடற்கரையில் மாமாவும் நானும் இருந்தோம். நான் இடக்கைக்காரன் என்பதால் எனக்குச் சிறுவயதிலிருந்தே குத்துச்சண்டை என்றால் மார்வின் ஹாக்லர்தான். மாமா எழுபதுகளில் கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். புவனஸ் அயர்சில் கப்பல் பழுதாகி நின்ற நாட்களில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கார்லோஸ் மொன்சோனின் சண்டையை ரிவியில் பார்த்தாராம். அன்றிலிருந்து அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு மிடில்வெயிட் (160 இறாத்தல், அதாவது பவுண்ட், எடைப் பிரிவு) வீரர்தான்.

மாமாவின் வாதம்: 1964க்குப் பிறகு மொன்சோன் தோற்றதே இல்லை. 1970இல் ரோமில் வைத்து அப்போதைய சம்பியன் பென்வெனூட்டியிடம் பட்டத்தைப் பறித்தார், 14 முறை காத்தார், 1977இல் பட்டத்தோடே வீட்டுக்குப் போனார். என் வாதம்: 1980 முதல் 1987 வரை ஹாக்லர் 12 முறை பட்டத்தைக் காத்தார், அதில் 11 நொக்அவுட். டுரானுடன் மட்டும்தான் 15 ரவுண்ட் போனது.

இருவரும் நல்ல வயதில், 160 இறாத்தலில் மோதினால் யார்? தோற்கிறவர் இரண்டு கிலோ நண்டு வாங்கவேண்டும், மாமி சமைப்பார். சமைக்கிறவர் எந்தப் பக்கமும் இல்லை.

அப்படியே 1950களின் சுகர் ரே ரொபின்சனும் இந்தக் காலத்துக் கெனடி கொலோவ்கினும் மோதினால் என்ன ஆகும் என்றும் சொல்லுங்கள். மாமா 'ஹரி கிரெப்' என்று ஒரு பெயரும் சொன்னார், எனக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

நிலாவெளி ஜிம்:

இதில் என்ன யோசனை? இன்றைய வீரர்களின் சாப்பாடு வேறு, பயிற்சி வேறு. 1950இல் ஓடிய ஓட்டக்காரன் இன்று ஓடினால் எங்கே வருவான்? குத்துச்சண்டையும் அதுதான். கொலோவ்கின் தொடர்ந்து 23 பேரை நொக்அவுட் செய்தவர். தொழில்முறையில் ஒருமுறைகூட நிலத்தைத் தொடாதவர். ரொபின்சனை ஆறு ரவுண்டுக்குள் முடித்துவிடுவார். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்தால் ஆட்கள் பாதி நேரம் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

வாடிக்காரன்:

தம்பி இடக்கைக்காரன், நானும் ஒருகாலத்தில் மிடில்வெயிட்தான். இப்போது என்னைப் பார்த்தால் ஒருவரும் நம்பமாட்டார்கள். மீன்வாடி நடத்துகிறவனுக்கு வயிறு மட்டும் வாடாது.

யார் பெரியவன் என்ற கதை வந்தால் எல்லோரும் கையைப் பார்க்கிறார்கள், காலைப் பார்க்கிறார்கள். தராசை ஒருவரும் பார்ப்பதில்லை. என் பிழைப்பே தராசுதான். அறுக்குளா வாங்க வருகிற வியாபாரி வாயைத் திறந்தால் முதலில் சொல்வது, "வடியவிட்டு நிறுங்கோ அண்ணை". ஐஸ் பெட்டியிலிருந்து தூக்கின மீனில் தண்ணீர் நிற்கும். தண்ணீருக்கும் காசு கொடுக்க அவருக்கு என்ன விசரா? இன்றைய குத்துச்சண்டையில் கதை தலைகீழ். ஆளை நன்றாக வடியவிட்டு நிறுக்கிறார்கள். பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் ஏற்றி ரிங்குக்குள் விடுகிறார்கள். 160 இறாத்தல் என்பது முதல்நாள் மத்தியானத்துக் கணக்கு மட்டும்தான்.

ரொபின்சன் காலத்தில் சண்டை நடக்கிற அன்றுதான் நிறுவை. காலையில் என்ன எடையோ ஏறக்குறைய அதே எடையில்தான் இரவு ரிங்குக்குள் ஏறவேண்டும். வடியவிட்டால் வடிந்தபடியேதான் அடிவாங்கவேண்டும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், 1981இல் நான் அதை அனுபவித்தேன். கொழும்பில் ஒரு அமெச்சூர் போட்டி. எல்லை 75 கிலோ. திருகோணமலையில் ஒரு அரிசிக்கடைத் தராசில் ஏறி நின்றபோது நான் எழுபத்தாறே கால். இரவு ரயிலில் புறப்பட்டோம். கழுத்து வரைக்கும் கம்பளிச் சட்டை, மடியில் ஒரு பால்மா ரின். விடியும்வரை அதற்குள் துப்பிக்கொண்டே போனேன். எதிரே இருந்த ஆச்சி, பாவம், எனக்கு என்னவோ வருத்தம் என்று நினைத்து விபூதி பூசிவிட்டார். மருதானை வரும்போது துப்புவதற்கு வாயில் ஒன்றும் இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எட்டு மணிக்குத் தராசில் ஏறினேன், எழுபத்தைந்துக்குள் நின்றேன். பின்னேரம் சண்டை. முதல் ரவுண்ட் என்னுடையது. இரண்டாவதில் என் கால்கள் நனைந்த சாக்கு மாதிரி. அடி வருவது தெரிகிறது, தலையை எடுக்கவேண்டும் என்பதும் தெரிகிறது, தலைதான் வரவில்லை. என்னை வென்றவர் பிறகு கைகொடுத்து, "நீ என்ன குடித்துவிட்டா வந்தாய்?" என்று கேட்டார். குடிக்காததுதான் பிரச்சினை என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

ஆகவே நிலாவெளித் தம்பிக்கு ஒரு செய்தி. 2017 மார்ச்சில் கொலோவ்கினும் டேனியல் ஜேக்கப்சும் மோதினார்கள். பட்டம் கொடுக்கும் அமைப்புகளில் ஒன்றான ஐபிஎஃபில் அப்போது ஒரு சட்டம் இருந்தது: சண்டை நாள் காலையில் மறுபடி நிறுப்பார்கள், எல்லைக்கு மேல் 10 இறாத்தலுக்கு அதிகமாக ஏறியிருக்கக்கூடாது. ஜேக்கப்ஸ் அந்த இரண்டாம் நிறுவைக்கு வரவே இல்லை. வென்றாலும் அந்தப் பட்டம் கிடைக்காது என்று தெரிந்தும் வரவில்லை. அப்படியானால் இரவில் அவர் எவ்வளவு இருந்திருப்பார்? அவரும் மிடில்வெயிட், ரொபின்சனும் மிடில்வெயிட். 1951 பெப்ரவரி 14 அன்று ஜேக் லமோட்டாவை 13ஆம் ரவுண்டில் நிறுத்திப் பட்டம் எடுத்தபோது ரொபின்சன் 155½ இறாத்தல்.

கொலோவ்கினைக் குறைத்துச் சொல்லவில்லை. ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியவர். அவர் அடிக்கும் ஜாப் (முன்கை நேர்க்குத்து) பார்த்தால் சாதாரணம், வாங்கினவன் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் எந்தத் தராசு என்று முதலில் சொல்லுங்கள். இன்றைய தராசு என்றால் கொலோவ்கின் 12 ரவுண்ட் வரை ரொபின்சனை நெருக்கிக்கொண்டே இருப்பார், வெல்லவும் கூடும். அன்றுகாலைத் தராசு என்றால் ரொபின்சன்.

எடைதான் எல்லாம் என்றும் நான் சொல்லமாட்டேன். 1943 பெப்ரவரி 5 அன்று லமோட்டா ரொபின்சனுக்கு முதல் தோல்வியைக் கொடுத்தபோது அவரைவிட 16 இறாத்தல் கூட. மூன்று வாரத்தில் ரொபின்சன் திரும்பி வந்து வென்றார். இருவரும் மோதினது ஆறு முறை, லமோட்டா வென்றது அந்த ஒன்றுதான்.

அப்புறம் அந்தக் கட்டிப்பிடிக்கிற கதை. 1957 மே 1, சிக்காகோ, ஜீன் ஃபுல்மருடன் இரண்டாம் சண்டை, ஐந்தாம் ரவுண்ட். ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஃபுல்மர் முன்னே வருகிறார். ரொபின்சன் பின்னே போய்க்கொண்டிருக்கும்போதே ஒரு இடது ஹுக் (வளைத்து விடும் குத்து). பின்னே போகிறவன் கையில் பலம் இருக்காது என்றுதான் எங்களுக்கெல்லாம் சொல்லித்தந்தார்கள். ஃபுல்மர் மாடு மாதிரி உறுதியான ஆள், அதுவரை யாரும் அவரை நொக்அவுட் செய்ததில்லை. ரொபின்சனுக்கு 36 வயது ஆக இன்னும் இரண்டு நாள் இருந்தது.

ஹாக்லர், மொன்சோன் கதைக்குப் பேந்து வருகிறேன். வள்ளம் வந்துவிட்டது.

பாலையூற்று அக்கா:

நான் தாதி. குத்துச்சண்டை எனக்குப் பிடிக்காது, இவர் பார்ப்பதால் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். வாடிக்காரன் அண்ணை பால்மா ரின் கதையைச் சிரிப்பாகச் சொல்லிவிட்டார். உடம்பில் தண்ணீர் வற்றினவனுக்குத் தலையில் அடி விழுவது சிரிப்பான விஷயம் இல்லை. குடித்தவுடன் எடை ஏறும், ஆனால் உடம்பு பழைய நிலைக்கு வர அதைவிட நேரம் வேண்டும்.

எல்லோரும் 15 ரவுண்ட், 15 ரவுண்ட் என்று எழுதுகிறீர்கள். அது ஏன் 12 ஆனது என்பதையும் எழுதுங்கள். 1982 நவம்பரில் தென்கொரியாவின் டக் கூ கிம் என்ற லைட்வெயிட் பெடியன் ரே மன்சினியோடு 14ஆம் ரவுண்ட் வரை நின்றான். சில நாளில் இறந்துபோனான். அதற்குப் பிறகுதான் டபிள்யூபிசி அமைப்பு 12 ஆக்கியது, மற்ற அமைப்புகளும் பிறகு வந்தன. கற்பனைச் சண்டையிலும் நான் 12க்கு மேல் விடமாட்டேன்.

இடக்கைக்காரன்:

அக்கா, சரி. ஆனால் மாமா 15க்குக் குறைய மாட்டார். "மொன்சோனின் தொழில் ஆரம்பிக்கிறதே பத்துக்குப் பிறகுதான்" என்கிறார்.

அண்ணை, வள்ளம் வந்து மூன்று நாள் ஆகிவிட்டது. ஹாக்லர் எங்கே?

வாடிக்காரன்:

மன்னிக்கவேண்டும் தம்பி, சூரை மீன் நிறைய அடித்தது. இரண்டு நாள் நித்திரை இல்லை.

அக்கா சொன்னது நியாயம். அந்தப் போட்டிக்குப் பிறகு என் அம்மா கையுறை இரண்டையும் கிணற்றடியில் வைத்துக் கொளுத்திவிட்டார். அம்மாவுக்கு எதிரே 15 ரவுண்ட் என்ன, ஒரு ரவுண்ட்கூட முடியாது.

சரி, ஹாக்லர், மொன்சோன். இந்த இருவரும் கிட்டத்தட்ட சந்தித்திருக்கவேண்டியவர்கள். 1977 ஜூலையில் கடைசிச் சண்டை ஆடி மொன்சோன் ஒதுங்கும்போது ஹாக்லர் ஏற்கெனவே பயங்கரமான ஆள், பட்டத்துக்குத்தான் யாரும் கூப்பிடவில்லை. அவருக்கு வாய்ப்புக் கிடைத்ததே 1979இல். அப்போதைய சம்பியன் அந்துவோஃபெர்மோவோடு மோதி டிரோ என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். 1980 செப்டெம்பரில் லண்டனில் அலன் மின்டரை மூன்று ரவுண்டில் முடித்தபோது பட்டம் வந்தது. கூட்டம் போத்தல் எறிந்ததால் அவர் அதைச் சந்தோசமாகத் தூக்கிப் பிடிக்கக்கூட முடியவில்லை. ஆக இடைவெளி மூன்றே மூன்று வருடம்.

கை நீளத்தில் பெரிய வித்தியாசம் இருக்கும் என்று எல்லோரும் நினைப்பார்கள். மொன்சோன் 76 அங்குலம், ஹாக்லர் 75. உயரம்தான் இரண்டு அங்குலம் அளவில் வித்தியாசம். ஹாக்லர் ஆளைப் பார்த்தால் கட்டை, கையைப் பார்த்தால் பனங்கிழங்கு தோண்டுகிறவன் கை.

அவர் பயிற்சி எடுத்த இடமும் எனக்குப் பிடிக்கும். மாசசூசெட்சில் புரொவின்ஸ்டவுன் என்று ஒரு கடற்கரை ஊர். சுற்றுலாக்காரர் எல்லாம் போனபிறகு, குளிர்காலத்தில், அங்கே போய் அடைந்துகிடப்பார். அதைச் சிறை என்றுதான் சொல்வார். மணல்மேட்டில் பூட்ஸ் போட்டு ஓடுவார். உப்புவெளி மணலில் வெறும் காலோடு நூறு யார் ஓடிப் பாருங்கள், தொடை கதறும்.

மொன்சோன் நேர் எதிர். சிகரெட் குடிப்பார், கை அடிக்கடி நோகும், வேகம் இல்லை. ஆனால் ரிங்குக்குள் வந்தால் அவசரமே கிடையாது. இடது கையை நீட்டி எதிராளியின் நெற்றிக்கு முன்னால் ஒரு வேலி கட்டிவிடுவார். வேலியைத் தாண்டி வந்தால் முழங்கையை மடக்கித் தள்ளுவார், பிடிப்பார், சாய்ப்பார். தள்ளி நின்றால் வலது. 1971இல் கிரிஃபித்தை 14ஆம் ரவுண்ட் வரை வைத்திருந்து முடித்தார். 1972இல் பிரிஸ்கோ ஒன்பதாம் ரவுண்டில் ஆட்டிவிட்டார், விழவில்லை. கடைசிச் சண்டையில் வால்டெஸ் இரண்டாம் ரவுண்டிலேயே விழுத்தினார். எழும்பி, 15 ரவுண்டும் போய் வென்றார். ஆளைப் பற்றிப் பெருமைப்பட வேறொன்றும் இல்லை. மனைவியைக் கொன்ற குற்றத்துக்குத் தண்டனை பெற்று, அந்தத் தண்டனைக் காலத்திலேயே 1995இல் கார் விபத்தில் செத்தார். குத்துச்சண்டை நன்றாகத் தெரிந்த கெட்ட மனிதர். மாமா அவரைக் கும்பிடுகிறார் என்றால் கையை மட்டும் கும்பிடச் சொல்லுங்கள்.

இப்போது ஹாக்லர் உள்ளே வரவேண்டும். 1985 ஏப்ரல் 15, ஹேர்ன்சோடு எப்படி வந்தார் என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நெற்றி கிழிந்து இரத்தம் வடிய, மூன்றே ரவுண்ட். அதைக் காட்டித்தான் தம்பி என்னோடு வாதாடப்போகிறாய் என்று தெரியும். ஹேர்ன்சுக்கு இன்னும் நீளமான கை, அவரையே நொறுக்கினார் அல்லவா? ஓம். ஆனால் ஹேர்ன்ஸ் நின்று பதிலுக்கு அடித்தார், முதல் ரவுண்டிலேயே வலக்கையை உடைத்துக்கொண்டார். கூப்பிட்டால் வருகிற ஆள் அவர். மொன்சோன் கூப்பிட்டால் வரமாட்டார்.

ஹாக்லருக்கு வருத்தம் கொடுத்தவர்கள் யார் என்று பார்த்தால், அவரை யோசிக்க வைத்தவர்கள். 1983இல் தன்னைவிடச் சின்ன ஆளான டுரானோடு அவ்வளவு கவனமாக ஆடி, கடைசி இரண்டு ரவுண்டில்தான் சண்டையை மீட்டார். லெனார்டோடு 1987இல் முதல் ரவுண்டுகளை வலக்கைக்காரன் மாதிரி நின்று தானமாகக் கொடுத்தார். அந்தச் சண்டைக்குப் பேரம் பேசினபோது பெரிய பணம் ஹாக்லருக்கு. 12 ரவுண்ட், அகலமான ரிங், பெரிய கையுறை மூன்றும் லெனார்டுக்கு. இரண்டு நடுவர் லெனார்ட் என்றார்கள், ஒருவர் ஹாக்லர் என்றார். என் வாடியில் யாராவது விலையை மட்டும் பேசி, நிறுவையைக் கவனிக்காமல் விட்டால் எனக்கு ஹாக்லர்தான் ஞாபகம் வருவார்.

என் தீர்ப்பு: 15 ரவுண்ட், அன்று காலை நிறுவை, பிடிப்பதைக் கண்டுகொள்ளாத அந்தக்கால மத்தியஸ்தர் என்றால் மொன்சோன், ஒரு ரவுண்ட் வித்தியாசத்தில். முதல் ஐந்து ரவுண்ட் இருவரும் வேலி பார்ப்பார்கள். நடுவில் ஹாக்லர் இடக்கையும் வலக்கையுமாக மாறிமாறி நின்று உடம்பில் அடித்து நான்கைந்து ரவுண்ட் எடுப்பார். பன்னிரண்டில் மணி அடித்தால் ஹாக்லர் வென்றிருக்கவும் கூடும். பிறகு அந்த வலது கை அவர் புருவத்தைத் தேடும். அக்காவின் 12 ரவுண்ட் சட்டத்தில் உனக்கு நண்டு மிச்சம், மாமாவின் சட்டத்தில் உன் காசு போச்சு.

கிரெப் பற்றிக் கேட்டாய். பட்டம் வைத்திருந்தது 1923 முதல் 1926 வரை. ஏறக்குறைய முந்நூறு சண்டை. ஒரு கண் பார்வை போன பிறகும் ஆடினார். பின்னாள் ஹெவிவெயிட் சம்பியன் ஜீன் டன்னியைத் தோற்கடித்த ஒரே ஆள் அவர்தான், 1922இல். அவ்வளவும் தாளில். அவர் மோதுகிற படம் ஒரு துண்டுகூட இல்லை, பயிற்சி எடுக்கிற சின்னப் படம் மட்டும்தான். கண்ணால் காணாத மீனுக்கு நான் விலை சொல்வதில்லை.

நிலாவெளி ஜிம்:

அண்ணை, தராசு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரொபின்சன் டர்ப்பினிடம் தோற்றதை வசதியாக விட்டுவிட்டீர்கள்.

வாடிக்காரன்:

விடுவேனா? எங்கள் வீட்டில் அது குடும்பக் கதை. 1951இல் அப்பாவுக்கு 17 வயது, திருகோணமலை டொக்யாட்டில் எடுபிடி. அப்போது அது வெள்ளைக்காரனின் கடற்படைத் துறைமுகம். ஜூலை 10 அன்று லண்டனில் ரேண்டி டர்ப்பின் ரொபின்சனை 15 ரவுண்டில் வென்றார். டர்ப்பின் முன்பு அதே கடற்படையில் சமையல்காரர். அடுத்தநாள் கப்பல்காரர்கள் பாத்திரத்தில் தட்டித் தட்டி டொக்யாட்டையே எழுப்பிவிட்டார்களாம். அப்பாவுக்கு என்ன கோபமோ, செப்டெம்பரில் மறுபடி மோதும்போது ரொபின்சன் பக்கம் ஒரு வாரச் சம்பளத்தைக் கட்டினார். நியூயோர்க், பத்தாம் ரவுண்ட், ரொபின்சனின் புருவம் பிளந்து இரத்தம் ஊற்றுகிறது, எந்த நேரமும் நிறுத்திவிடலாம். அந்த நிலையில் டர்ப்பினை விழுத்தி, எழும்பினவரைக் கயிற்றோடு ஒட்டவைத்து அடித்து முடித்தார். டர்ப்பினிடம் பட்டம் இருந்தது 64 நாள். அப்பாவுக்குக் கிடைத்தது காசு இல்லை, ஐந்து ரின் சிகரெட். அதை விற்றுத்தான் அவர் முதல் சைக்கிள் வாங்கினார்.

அதற்கு அடுத்த வருடம் ஜூனில் ரொபின்சன் ஜோய் மக்சிமோடு மோதினார். 104 பாகை பரனைட் வெக்கை, எல்லா நடுவர் கணக்கிலும் முன்னுக்கு நின்றவர் 14ஆம் ரவுண்டுக்கு எழும்பவே இல்லை. மத்தியஸ்தரையே வெக்கை பாதியில் விழுத்தியது. அப்பா அதற்கும் ஒரு காரணம் சொல்வார்: "அவனுக்கு எங்கட கச்சான் காத்தில ரெண்டு மாசம் பயிற்சி குடுத்திருக்கோணும்."

இடக்கைக்காரன்:

மாமாவுக்கு முழுதும் வாசித்துக் காட்டினேன். 'கெட்ட மனிதர்' என்ற இடத்தில் மட்டும் கொஞ்சநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கையை மட்டும்தான் கும்பிட்டேன்" என்றார்.

சரி, நான் தோற்றேன். அண்ணை, சனிக்கிழமை காலை வாடிக்கு வருகிறேன், இரண்டு கிலோ எடுத்து வையுங்கள். மாமா நண்டு உயிரோடு வேண்டுமாம், நிறுக்கும்போது தானும் பக்கத்தில் நிற்கவேண்டுமாம்.

வாடிக்காரன்:

வரச் சொல். வடியவிட்டே நிறுக்கிறேன்.